சேர்த்து வைத்த பாட்டுகளைக் குலுக்கிப் போட்டுக் கேட்பது எப்படி?

வீட்டில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். அதில் பத்தாயிரம் பாட்டு. அப்பா வாங்கிய எம்பி3 சிடிகள், கடையில் பதிந்து வாங்கிய கேசட்டுகள், கல்லூரிக் காலத்தில் எங்கெங்கோ இருந்து சேர்ந்தவை. இவ்வளவு இருந்தும் கேட்பது என்னவோ அதே முப்பது நாற்பது பாட்டுதான். சரி, ஷஃபிள் பட்டனை அமுக்கினால் போதும் என்று நினைத்து அமுக்குவோம். முதலில் ஒரு காதல் பாட்டு வரும். அடுத்தது யாரோ பேசிய போன் கால் பதிவு. மூன்றாவது, இரவு பதினொரு மணிக்கு சுப்ரபாதம். நான்காவது, முதலில் வந்த அதே காதல் பாட்டு, வேறொரு ஃபோல்டரிலிருந்து.

பட்டனில் கோளாறு இல்லை. கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போடுவதுதான் அதன் வேலை. எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று நாம்தான் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அந்த வேலை கொஞ்சம் நீளம். முட்டி மோதிக் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன். இந்த வரிசையிலேயே போங்கள். முன்பின்னாகச் செய்தால் செய்ததையே திரும்பச் செய்ய நேரிடும். சினிமாப் பாட்டு அதிகம் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. விண்டோஸ் கணினியும் ஆண்ட்ராய்டு போனும் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் முன்: செலவும் நேரமும்

மென்பொருளுக்குப் பைசா செலவில்லை. முக்கியமானவை மூன்று. பாட்டு கேட்கவும் பட்டியல் கட்டவும் மியூசிக்பீ, பாட்டின் விவரங்களைத் திருத்த எம்பி3டேக், காரில் சத்தத்தைச் சமப்படுத்த எம்பி3கெயின். விண்டோஸில் மூன்றும் இலவசம். மேக்கில் எம்பி3டேக்குக்குக் காசு உண்டு. ஒவ்வொன்றையும் அதனதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். தேடும்போது மேலே வரும் 'இலவச டவுன்லோட்' தளங்கள் கூடவே வேண்டாத இரண்டு மூன்று புரோகிராம்களையும் தலையில் கட்டிவிடும்.

செலவு வருவது சேமிப்பிடத்துக்குத்தான். 128 கேபிபிஎஸ் (ஒலித் தரத்தைக் குறிக்கும் அளவு) எம்பி3 என்றால் நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 1 எம்பி. ஆக ஐந்து நிமிஷப் பாட்டு 5 எம்பி. 320 கேபிபிஎஸ் என்றால் 12 எம்பி. தரம் இழக்காத ஃபிளாக் என்றால் 25 முதல் 35 எம்பி. பத்தாயிரம் பாட்டுக்கு முறையே 50 ஜிபி, 120 ஜிபி, 300 ஜிபி அளவில் வரும். 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் தாராளம். ஆனால் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன். ஒன்று ஐயாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே இருக்கும், விலை ஏறி இறங்கும். பில்லை போனில் படம் எடுத்து வையுங்கள். வாரண்டிக்குப் போகும்போது பில்லும் டிஸ்க்கின் அடியில் உள்ள சீரியல் எண்ணும் கேட்பார்கள். வெயிலில் காய்ந்த பில்லில் அதற்குள் எழுத்தே இருக்காது.

'1 டிபி பென்டிரைவ் ஐந்நூறு ரூபாய்' என்று யாராவது விற்றால் தள்ளிப் போங்கள். உள்ளே இருப்பது 16 ஜிபியோ 32 ஜிபியோதான். வெளியே மட்டும் ஒரு டிபி என்று காட்டும்படி செய்திருப்பார்கள். காப்பி ஆவது போலவே தெரியும், கொள்ளளவு தாண்டியதும் எழுதியதெல்லாம் குப்பை. எந்த பென்டிரைவ் வாங்கினாலும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு மென்பொருளை ஓட்டி உண்மையான கொள்ளளவைப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அது ஓட நேரம் பிடிக்கும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

நேரத்தைத் தின்னப் போவது டேக் வேலை, அதாவது ஒவ்வொரு பாட்டின் விவரங்களையும் திருத்துவது. படம் படமாகப் போனால் ஒரு மாலையில் நூறு, நூற்றைம்பது பாட்டு முடியும். பத்தாயிரத்தையும் முடித்துவிட்டுத்தான் கேட்பேன் என்று உட்கார்ந்தால் பாதியில் வெறுத்துவிடும். முதலில் ஆயிரம் பாட்டை மட்டும் ஒழுங்கு செய்து, அதைக் குலுக்கிக் கேட்டுக்கொண்டே மீதியைப் பாருங்கள்.

1. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுங்கள்

புது டிஸ்க்கில் 'பாட்டு' என்று ஒரே ஒரு ஃபோல்டர். பழைய லேப்டாப், பென்டிரைவ், மெமரி கார்டு, சிடி எல்லாவற்றிலிருந்தும் இங்கே காப்பி செய்யுங்கள். 'கட்' வேண்டாம், 'காப்பி' மட்டும். ஒவ்வொரு மூலத்துக்கும் தனி உள் ஃபோல்டர் வைத்துக்கொண்டால் பின்னால் எது எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லாதவர்கள் யூஎஸ்பியில் சொருகும் டிவிடி ரைட்டர் வாங்கலாம், இரண்டாயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கம். தெரிந்தவர்களிடம் இருந்தால் இரவல் வாங்குங்கள், ஒரு தடவை வேலைதான். எம்பி3 சிடியாக இருந்தால் அப்படியே காப்பி செய்துவிடலாம். ஆடியோ சிடியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். திறந்து பார்த்தால் 'டிராக் 01.சிடிஏ' என்று வரிசையாகக் கோப்புகள் தெரியும். அதை இழுத்துப் போட்டால் ஒரு நொடியில் காப்பி ஆகிவிடும், நாமும் சந்தோஷமாக சிடியைத் தூக்கிப் பரண் மேல் போட்டுவிடுவோம். அந்தக் கோப்பில் பாட்டே இல்லை. பாட்டு சிடியில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான், அளவு 44 பைட். ஆடியோ சிடியை 'ரிப்' செய்ய வேண்டும், அதாவது அதிலுள்ள பாட்டைப் படித்துக் கோப்பாக மாற்றி எடுக்க வேண்டும். அதற்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் இலவசம், கீறல் விழுந்த சிடியையும் பொறுமையாகத் திரும்பத் திரும்பப் படிக்கும். நல்ல சிடிக்குச் சில நிமிஷம், கீறல் விழுந்ததற்கு மணிக்கணக்கிலும் ஆகலாம். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைத்துவிட்டுப் போடுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது.

கேசட் வேறு கதை. அறுபது நிமிஷக் கேசட்டைப் பதிய அறுபது நிமிஷம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. ஓடுகிற டெக் ஒன்று, அதன் லைன் அவுட்டிலிருந்து கணினிக்கு ஒரு வயர், பதிவு செய்ய ஆடாசிட்டி. கவனம்: இப்போதைய லேப்டாப்பில் இருக்கும் ஒற்றைத் துளை ஹெட்செட் மைக்குக்கானது, அதில் ஸ்டீரியோ பதியாது. மலிவான யூஎஸ்பி சவுண்டு கார்டுகளிலும் பெரும்பாலானவை அப்படித்தான். 'ஸ்டீரியோ லைன் இன்' உண்டா என்று கேட்டு வாங்குங்கள். டேப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் டெக்கில் போடாதீர்கள்; ஹெட்டும் கெட்டு, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

என் கருத்து: கடையில் பதிந்து வாங்கிய சினிமாக் கேசட்டை விட்டுவிடலாம், அந்தப் பாட்டு வேறு எங்காவது நல்ல தரத்தில் கிடைத்துவிடும். வீட்டுக் கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரம், ஊர்த் திருவிழாவில் பதிந்த வில்லுப்பாட்டு, பாட்டி பாடிய தாலாட்டு இவற்றுக்கு அந்த ஒரு மணி நேரத்தைச் செலவிடுங்கள்.

2. இரண்டாவது பிரதி எடுக்காமல் எதையும் தொடாதீர்கள்

இரண்டாவது ஹார்ட் டிஸ்க் எதற்கு என்றால் இதற்குத்தான். 'பாட்டு' ஃபோல்டரை முழுசாக அதில் காப்பி செய்து, தேதி எழுதி, பீரோவில் வைத்துவிடுங்கள். இனி வரும் வேலைகள் எல்லாம் கோப்புகளை அழிப்பதும் பெயர் மாற்றுவதும்தான். ஒரே கிளிக்கில் ஐயாயிரம் பாட்டின் பெயரையும் ஒன்றாக்கிவிட முடியும்.

3. இரட்டைகளைக் களையுங்கள்

குலுக்கும்போது ஒரே பாட்டு அடிக்கடி வருகிறது என்ற புகாருக்கு முதல் காரணம் இதுதான். ஒரே பாட்டு படத்தின் பெயரில் ஒன்று, 'சூப்பர் ஹிட்ஸ்' தொகுப்பில் ஒன்று, பாடகர் பெயரில் உள்ள ஃபோல்டரில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கும். குலுக்கலில் அதற்கு மூன்று மடங்கு வாய்ப்பு.

இதற்கு டூப்குரு, செக்காவ்கா (Czkawka) என்று இரண்டு மென்பொருள்கள், இரண்டும் இலவசம். பாட்டின் பெயர் போன்ற விவரங்களைப் பார்த்து ஒரே மாதிரி இருப்பவற்றைக் கூட்டிக் காட்டும். காட்டச் சொல்லுங்கள், அழிக்கும் வேலையை அதனிடம் விடாதீர்கள். தமிழ்ப் பாட்டில் ஒரே பெயரில் ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று இருக்கும். சந்தோஷமாக ஒன்று, சோகமாக ஒன்று இருக்கும். இசைத்தட்டில் வந்தது ஒரு மாதிரி, படத்தில் வந்தது கூடுதல் சரணத்தோடு இன்னொரு மாதிரி இருக்கும். மென்பொருளுக்கு இவை எல்லாம் இரட்டை. நீளம் பத்து விநாடிக்கு மேல் வித்தியாசப்பட்டால் இரண்டையும் காதால் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரே பாட்டு 128-இலும் 320-இலும் இருந்தால் 320-ஐ வைத்துக்கொள்ளத்தான் கை போகும். அங்கேயும் ஒரு பொறி உண்டு. 128 கோப்பையே எடுத்து 320 ஆக மாற்றி ஏற்றியவை ஏராளம். அளவு பெருத்திருக்கும், தரம் ஏறியிருக்காது. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். அது காட்டும் ஒலிப் படம் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டினாற்போல் நின்றால் அது வேஷம் போட்ட 128. புதிய பாட்டுக்கு இந்தச் சோதனை போதும். 50கள், 60களின் பாட்டுக்கு இது உதவாது, மூலப் பதிவிலேயே அந்த உயரத்தில் ஒலி குறைவாகத்தான் இருக்கும். அவற்றைக் காதுதான் தீர்மானிக்க வேண்டும்.

4. டேக் திருத்துங்கள்

ஒவ்வொரு எம்பி3 கோப்புக்குள்ளும் பாட்டின் பெயர், படம், பாடகர், ஆண்டு எழுத இடம் உண்டு. அதுதான் டேக். ஃபோல்டரை எவ்வளவு அழகாக அடுக்கினாலும் பிளேயர் படிப்பது டேக்கைத்தான்.

எம்பி3டேக்கில் ஃபோல்டரைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது எல்லா இடத்திலும் ஏதோ ஒரு இணையதளத்தின் பெயர். பாடகர் இடத்தில் தளம், படத்தின் இடத்தில் தளம், சில சமயம் பாட்டின் பெயரோடே ஒட்டிக்கொண்டும் இருக்கும். 'ஆக்‌ஷன்' மெனுவில் 'ரிப்ளேஸ்' எடுத்து அந்தப் பெயரை வெற்றிடமாக மாற்றினால் எல்லாப் பாட்டிலிருந்தும் ஒரே வீச்சில் போய்விடும்.

அடுத்தது எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது. டேக் முறை தனி ஆல்பம் போடும் பாடகர்களை நினைத்துச் செய்யப்பட்டது. நம் சினிமாப் பாட்டில் பாடகர், இசையமைப்பாளர், படம் மூன்றும் வேண்டும். நான் கடைசியில் வந்து சேர்ந்த ஏற்பாடு இது: 'ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் பாடகர்கள், 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்', 'கம்போசர்' இரண்டிலும் இசையமைப்பாளர், 'ஆல்பம்' கட்டத்தில் படம், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆண்டு. ஆண்டு அவசியம். பழைய படத்தின் பெயரையே திரும்ப வைப்பது இப்போது வழக்கம். ஆண்டு இல்லாவிட்டால் அறுபதுகளின் படமும் போன வருஷப் படமும் ஒரே ஆல்பமாகக் கலந்துவிடும்.

பெயர் எழுதும் முறை ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் இளையராஜா பெயரே என் டிஸ்க்கில் பல உருவில் இருந்தது. நடுவில் ஒரு 'ஏ' குறையும், கடைசியில் ஒரு 'ஏ' கூடும். ஏ.ஆர்.ரஹ்மானுக்குப் புள்ளி வைத்து, வைக்காமல், இடைவெளி விட்டு, விடாமல். பிளேயருக்கு ஒவ்வொன்றும் தனித்தனி ஆள். அந்தப் பத்தியின் தலைப்பைச் சொடுக்கி அகர வரிசையில் அடுக்கினால் இந்த உருவங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே பெயரை இடுங்கள்.

பல பாட்டைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும்போது இடப்பக்கக் கட்டங்களில் 'கீப்' என்று தெரியும். 'இருப்பது இருக்கட்டும்' என்று பொருள். இசையமைப்பாளர் கட்டத்தை மட்டும் மாற்றுங்கள். தவறிப் போய் 'டைட்டில்' கட்டத்தில் எதையாவது அடித்து சேமித்தால் தேர்ந்தெடுத்த அத்தனை பாட்டுக்கும் அதுவே பெயர். உடனே கண்ட்ரோல்-இசட் அழுத்தினால் மீளலாம். மென்பொருளை மூடிவிட்டால் பீரோவில் இருக்கும் டிஸ்க்தான் கதி.

தமிழில் எழுதுவதா, ஆங்கில எழுத்திலா? வீட்டிலும் போனிலும் மட்டும் கேட்பவர்கள் தாராளமாகத் தமிழில் எழுதலாம். கார் செட்டுகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை, கட்டம் கட்டமாகத்தான் தெரியும். காரில் பெயர் தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஆங்கில எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் முழுத் தொகுப்பிலும் ஒன்றே இருக்கட்டும். எம்பி3டேக்கின் அமைப்பில் 'ஐடி3வி2.3, யூடிஎஃப்-16' என்பதைத் தேர்ந்து வைத்தால் பெரும்பாலான கருவிகள் படிக்கும். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் எழுதிய பழைய டேக்குகள் கிறுக்கலாகத் தெரியும். ஒரு சில என்றால் கையால் அடிப்பதே வேகம்.

தானாகவே விவரம் நிரப்பும் மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்டு போன்றவை உண்டு. பாட்டைக் கேட்டே அடையாளம் காணும். ஆங்கிலப் பாட்டுக்கு அபாரம். தமிழ்ப் பாட்டு எல்லாமே அதன் தரவுத்தளத்தில் இருக்காது. இல்லாதபோது எதையாவது பொருத்திவிடப் பார்க்கும். பார்க்காமல் 'சேவ்' அடிக்காதீர்கள்.

5. குடத்துக்குள் எது போகலாம் என்று முடிவு செய்யுங்கள்

உத்திரமேரூர்க் கல்வெட்டில் சொல்லும் குடவோலை முறையில் குலுக்கல் கடைசியில்தான் வரும். அதற்கு முன் யார் பெயர் ஓலையில் ஏறலாம் என்று நீண்ட பட்டியல். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் சேராது. இப்படி வடிகட்டிய பிறகுதான் ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். நாம் செய்யப் போவதும் அதேதான். நான் என் பட்டியலுக்கே 'குடம்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

வடிகட்ட டேக்கில் உள்ள 'ஜானர்' (பாட்டின் வகை) கட்டத்தைப் பயன்படுத்துங்கள். இணையத்திலிருந்து வந்த பாட்டுகளில் அங்கே 'தமிழ்' என்றோ 'சவுண்டுடிராக்' என்றோ இருக்கும், ஒரு பயனும் இல்லை. அழித்துவிட்டு உங்களுக்குத் தேவையானபடி எழுதுங்கள். மெலடி, குத்து, பக்தி, கர்நாடகம், குழந்தை, வசனம், பின்னணி இசை, கரோக்கி. எட்டு பத்துக்கு மேல் போகாதீர்கள். நுணுக்கமாகப் பிரிக்கப் பிரிக்க எதை எதில் போடுவது என்ற குழப்பமே மிஞ்சும்.

இனி மியூசிக்பீயில் 'ஆட்டோ-பிளேலிஸ்ட்' ஒன்று. விதிகளை மெனுவிலிருந்து தேர்ந்தெடுத்தாலே போதும். ஜானர் மெலடி அல்லது குத்து. நீளம் ஒன்றரை நிமிஷத்துக்கு மேல். இதனால் துண்டுப் பாட்டும் டைட்டில் இசையும் விலகிவிடும். 'லாஸ்ட் பிளேய்டு' கடந்த முப்பது நாளில் இல்லை. இந்த மூன்றாவது விதியை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால் நேற்று கேட்டது இன்று வராது, காணாமல் போன பாட்டுகள் ஒவ்வொன்றாக மேலே வரும். தொகுப்பு சின்னது, ஐந்நூறு பாட்டுதான் என்றால் முப்பது நாளைப் பத்து நாளாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் குடம் காலியாகிவிடும். ஐட்யூன்ஸ் வைத்திருப்பவர்கள் 'ஸ்மார்ட் பிளேலிஸ்ட்'டில் இதே விதிகளை எழுதலாம்.

பக்தியை விலக்குங்கள் என்று சொல்வதில் சிலருக்கு மனத்தாங்கல் வரும். விலக்கவில்லை, தனிக் குடத்தில் வைக்கிறோம். காலை ஆறு மணிக்கு அந்தக் குடத்தைக் குலுக்கினால் எல்லாமே பொருத்தமாக வரும். மார்கழிக்குத் திருப்பாவை, டிசம்பருக்குக் கிறிஸ்துமஸ் பாட்டு, நோன்புக்கு இஸ்லாமியப் பாடல்கள் என்று பருவத்துக்கு ஒரு குடமும் கட்டலாம்.

கர்நாடகக் கச்சேரியைச் சினிமாப் பாட்டோடு சேர்த்துக் குலுக்கவே வேண்டாம். ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்தது, தனி ஆவர்த்தனம் இன்னொன்று என்று வெட்டியிருப்பார்கள். குலுக்கினால் ஆலாபனை முடிந்ததும் ராகத்துக்கு உரிய கிருதி வராமல் எங்கோ ஒரு தனி வந்து முழங்கும். ஃபூபார்2000 என்ற இலவச பிளேயரில் 'ஷஃபிள் ஆல்பம்ஸ்' என்று ஒரு வழி உண்டு. எந்தக் கச்சேரி என்பதை மட்டும் குலுக்கி எடுக்கும், எடுத்த கச்சேரியை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் போடும். கச்சேரிக்கு அதுதான் சரி.

அப்புறம் இன்னொரு சிக்கல். உங்களிடம் ஐயாயிரம் பாட்டு இருந்து அதில் மூவாயிரம் ஒரே இசையமைப்பாளருடையது என்றால், குலுக்கலில் ஐந்துக்கு மூன்று அவருடையதாகவே வரும். ஜி.ராமநாதனின் முப்பது பாட்டு எப்போதாவது தலைகாட்டும். 'ஷஃபிள் சரியில்லை, ஒருத்தரையே போடுகிறது' என்ற புலம்பல் இங்கிருந்துதான். அது சரியாகத்தான் வேலை செய்கிறது, சேர்த்து வைத்தது அப்படி. பிடிக்கவில்லை என்றால் இசையமைப்பாளருக்கு ஒரு பட்டியலாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஐம்பது பாட்டுக்கு மேல் எடுக்காதே என்று வரம்பு வைத்து, எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் சேருங்கள். நான் வரம்பு வைத்த பிறகுதான் என்னிடம் வி.குமார் பாட்டு இவ்வளவு இருப்பதே தெரிந்தது.

6. சத்தத்தைச் சமப்படுத்துங்கள்

கே.வி.மகாதேவன் காலத்துப் பாட்டு மெல்ல ஒலிக்கும். சத்தத்தைக் கூட்டி வைப்போம். அடுத்து வரும் இந்தக் காலத்துக் குத்துப் பாட்டு பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பிவிடும். ஒரு படத்தை வரிசையாகக் கேட்கும்போது தெரியாத இந்தக் குறை குலுக்கும்போது பூதமாகத் தெரியும்.

மியூசிக்பீயின் 'டூல்ஸ்' மெனுவில் 'அனலைஸ் வால்யூம்' இருக்கிறது. குடத்தில் உள்ள பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஓடவிடுங்கள். ஒவ்வொரு பாட்டும் எவ்வளவு சத்தம் என்று அளந்து டேக்கில் குறித்துக்கொள்ளும், பாட்டை மாற்றாது. இதற்கு ரீபிளேகெயின் என்று பெயர். போடும்போது பிளேயர் அந்தக் குறிப்பைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கும். 'டிராக்', 'ஆல்பம்' என்று இரண்டு வகை கேட்கும். குலுக்கிக் கேட்பவர்களுக்கு டிராக்.

கார் செட்டுகள் பொதுவாக இந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. அதற்குத்தான் எம்பி3கெயின். கோப்பிலேயே ஒலி அளவை மாற்றும், திரும்ப அமுக்காமல் மாற்றுவதால் தரம் குறையாது. ஒரு படி 1.5 டெசிபல். 89 டெசிபல் என்று வரும் இயல்பான இலக்கை அப்படியே விடுங்கள். இதை கார் பென்டிரைவில் உள்ள பிரதிக்கு மட்டும் செய்யுங்கள்.

7. ரேண்டமா, ஷஃபிளா?

பிளேயர்களில் இரண்டு பெயரும் இருக்கும், சிலவற்றில் ஒரே மெனுவிலேயே இரண்டும் இருக்கும். ஃபூபார்2000 அப்படி. ரேண்டம் என்றால் ஓலையை எடுத்துப் படித்துவிட்டுத் திரும்பக் குடத்திலேயே போடுவது. ஷஃபிள் என்றால் எடுத்த ஓலையை வெளியே வைத்துவிடுவது.

வித்தியாசம் சின்னதில்லை. ஆயிரம் பாட்டு இருக்கும்போது ரேண்டத்தில் சுமார் 38 பாட்டுக்குள்ளேயே ஏதாவது ஒன்று திரும்ப வந்துவிட பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆயிரம் தடவை எடுத்து முடித்தாலும் 370 பாட்டு அளவுக்கு ஒரு தடவைகூட வந்திருக்காது. ஷஃபிளில் ஆயிரமும் ஒரு தடவை வந்த பிறகுதான் திரும்ப வரும். ஆகவே ஷஃபிள்.

ஆனால் பல பிளேயர்களில் மூடித் திறந்தால் குலுக்கல் புதிதாகத் தொடங்கும். தினமும் இருபது பாட்டு கேட்டு மூடுபவருக்கு ஷஃபிளும் கிட்டத்தட்ட ரேண்டமாகிவிடும். ஐந்தாவது படியில் முப்பது நாள் விதி வைக்கச் சொன்னது இதற்காகவும்தான். பத்தாயிரம் பாட்டை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கேட்டாலும் ஒரு சுற்று முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

8. போனில்

மியூசிக்கோலெட் நல்லது. இலவசம், விளம்பரம் இல்லை, இணையமே கேட்காது. நிறுவியதும் முதல் வேலை, எந்தெந்த ஃபோல்டரைப் படிக்க வேண்டும் என்று சொல்வது. சொல்லாவிட்டால் வாட்ஸ்அப் குரல் செய்திகள், கால் பதிவுகள், ரிங்டோன்கள் எல்லாம் பாட்டோடு பாட்டாகக் குலுங்கி வரும். காரில் நான்கு பேர் இருக்கும்போது சொந்தக்காரர் சண்டை ஸ்பீக்கரில் ஒலித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஐபோன் உள்ளவர்கள் விஎல்சி போட்டு, அதில் உள்ள வைஃபை பகிர்வு வழியாகக் கணினியிலிருந்து பாட்டை அனுப்பலாம்.

எல்லாப் பாட்டையும் போனில் திணிக்க வேண்டாம். கணினியில் குடத்திலிருந்து இருநூறு முந்நூறு பாட்டை எடுத்துப் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். போனில் கேட்டதைக் கணினி அறியாது என்பதை நினைவில் வையுங்கள். கேட்டு முடித்த மூட்டையை அடுத்த மாதம் ஒதுக்கி வைப்பது உங்கள் பொறுப்பு.

9. காரில்

பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டையும் பழைய செட்டுகள் படிக்காது. 32 ஜிபி வரை விண்டோஸே செய்துவிடும், ஆகவே 32 ஜிபி வாங்குவது தலைவலி இல்லாதது. 128 கேபிபிஎஸ் பாட்டு ஆறாயிரம் அதில் அடங்கும். ஃபிளாக் பாட்டை எம்பி3 ஆக மாற்றிப் போடுங்கள். ஒரு ஃபோல்டரில் இத்தனை கோப்புதான் என்ற வரம்பு பல செட்டுகளில் உண்டு. கையேட்டின் யூஎஸ்பி பக்கத்தில் அந்த எண் இருக்கும். பாட்டை ஏற்றிய பிறகு சில காணவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

கார் செட்டில் குலுக்கல் பட்டனை அமுக்கியும் ஒரே படத்தின் பாட்டே வருகிறதா? அது ஃபோல்டருக்குள் மட்டும் குலுக்குகிறது. அதே பட்டனை இன்னொரு முறை அமுக்கினால் 'ஆல்' என்று மாறலாம். மாறாவிட்டால் ஃபோல்டர்களை எடுத்துவிட்டு எல்லாப் பாட்டையும் ஒன்றாக வையுங்கள். சில மலிவான செட்டுகள் வண்டியைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில்தான் 'குலுக்கும்'. அலுவலகம் பத்து நிமிஷத் தூரம் என்றால் அந்த இரண்டே பாட்டைத்தான் ஆயுளுக்கும் கேட்பீர்கள். இதற்கு என் வைத்தியம்: பென்டிரைவில் உள்ள பிரதியை எம்பி3டேக்கில் திறந்து, பாட்டின் பெயரால் அகர வரிசையில் அடுக்கி, கோப்புப் பெயருக்கு முன்னால் 0001, 0002 என்று எண் கொடுத்துவிடுவது. அகர வரிசையில் காலமும் இசையமைப்பாளரும் படமும் நன்றாகவே கலந்துவிடும். குலுக்கல் பட்டனை அணைத்துவிட்டு வரிசையாகப் போகவிடுங்கள். விட்ட இடத்திலிருந்து அடுத்த நாள் தொடரும்.

10. கடையில் போடலாமா?

வீட்டிலும் காரிலும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சிடியை உங்கள் சொந்த உபயோகத்துக்குக் கேட்பது ஒன்று. டீக்கடையிலோ சலூனிலோ உணவகத்திலோ வாடிக்கையாளருக்காகப் போடுவது வேறு. பின்னது பொது ஒலிபரப்பு, உரிமம் வாங்க வேண்டும். ஐபிஆர்எஸ், பிபிஎல் போன்ற அமைப்புகள் உரிமம் தருகின்றன. கட்டணம் இடத்தின் அளவையும் வகையையும் பொறுத்து மாறும். பாட்டை நீங்கள் வாங்கிய பில் இதற்கு ஈடாகாது.

11. புதுப் பாட்டு வந்தால்

டிஸ்க்கில் 'புதுவரவு' என்று ஒரு ஃபோல்டர் வைத்து, வருவதை எல்லாம் அதில் மட்டும் போடுங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டேக் திருத்தி, ஜானர் எழுதி, சத்தம் அளந்து, உள்ளே நகர்த்துங்கள். அன்றே பீரோவில் இருக்கும் டிஸ்க்கையும் எடுத்து மாறியவற்றைக் காப்பி செய்துவிடுங்கள். இடையில் மறந்து எதையாவது நேராக உள்ளே போட்டுவிட்டாலும் பரவாயில்லை. ஜானர் கட்டத்தில் 'மெலடி' அல்லது 'குத்து' இல்லாத பாட்டைக் குடத்தின் விதி சேர்க்காது, நீங்கள் எழுதும் வரை அது வெளியேதான் நிற்கும்.